எங்கிருந்து வந்தது? – சுரங்கத்துக்குள் கஞ்சாத் தோட்டம்

கே: என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனடாவில் சுரங்கத்துக்குள் அரசாங்கமே கஞ்சா வளர்த்தது என்று பேரன் செல்போனில் காட்டினான். "கதை விடறாங்க" என்கிறார் அப்பா. உண்மையா?
– ஒரு வாசகி, சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்

ப: இந்த ஒருமுறை பேரன் ஜெயித்துவிட்டான். ஊர் பெயர் ஃபிளின் ஃபிளான். மானிடோபா மாகாணத்தின் மேற்கு எல்லையில், செம்பும் துத்தநாகமும் தோண்டிப் பிழைத்த ஊர்.

நடந்தது இதுதான். வலிப்பு நோயாளி ஒருவர் தன் நோய்க்குக் கஞ்சா வேண்டும் என்று வழக்காடினார். 2000 ஜூலையில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சட்டத்தைத் திருத்த அரசாங்கத்துக்கு ஒரு வருடம் அவகாசம் தந்தது. மருந்துக்கு அனுமதி கொடுத்தால் சரக்கை யார் தருவது? தெருவில் வாங்கிக்கொள் என்று அரசாங்கம் சொல்ல முடியாதே. அந்த டிசம்பரில் பிரெய்ரி பிளான்ட் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனிக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போனது. அந்தக் கம்பெனி அதற்கு முன்பே ஃபிளின் ஃபிளான் சுரங்கத்தில், தாது எடுத்து முடித்த ஒரு பகுதியில், விளக்கு போட்டு ரோஜா முதலிய செடிகளை வளர்த்துப் பார்த்திருந்தது. தரைக்குக் கீழே சுமார் 360 மீட்டர். மேலே பனி உறைந்தாலும் உள்ளே தட்பவெப்பம் மாறாது. பூச்சி இல்லை, காற்றில் வந்து விழும் மகரந்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, திருட வருகிறவன் சுரங்கத்துக்குள் இறங்கித்தான் வர வேண்டும். 2001-ல் முதல் அறுவடை. 2003-ல் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சரக்கில் வீரியம் இல்லை என்று அவர்களில் பலர் முணுமுணுத்தார்கள் என்பது தனிக்கதை.

காலத்தைக் கவனித்தீர்களா? உங்கள் ஊர்ச் சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28. அங்கே ஒரு சுரங்கத்தில் செடிக்கு விளக்கு எரிந்த அதே வருடம் இங்கே அணைத்துவிட்டார்கள்.

'நம் சுரங்கத்திலும் செய்திருக்கலாமே' என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். தங்கவயலின் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். ஆள் நின்று வேலை செய்யவே மேலிருந்து குளிர்காற்றை இறக்க வேண்டியிருந்தது. இதை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது அழகில்லை. பம்புகளை நிறுத்தியபின் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. 1965-ல் அந்தச் சுரங்கத்துக்குள் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள்; ஆனால் செடிக்குத் தோதான இடம் அது எப்போதும் இல்லை.

கே: சூரியனே இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?
– ஒரு வாசகர், உரிகம்

ப: முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் சீமென்ஸ் என்ற எஞ்சினியர். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகே இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் எஞ்சினால் மின்சாரம் எடுத்து, வில்விளக்கு எரியவிட்டு, கடுகு, கேரட், வெள்ளரி என்று வளர்த்துப் பார்த்தார். 1880 மார்ச்சில் ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார். அதே 1880-ல்தான் ஜான் டெய்லர் கம்பெனி உங்கள் ஊருக்கு வந்தது. மின்சாரம் வர மேலும் 22 வருடம்: 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்து தங்கவயலில் எந்திரங்களைச் சுழற்றியது. பெங்களூரு விளக்கு கண்டது அதற்குப் பின்னால்தான். இதைத் தங்கவயல்காரர்கள் யாரும் சொல்லாமல் விடமாட்டார்கள். நான் மட்டும் ஏன் விட வேண்டும்?

சீமென்ஸுக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு கண்டுபிடித்தார்கள். செடிக்கு வெளிச்சம் எவ்வளவு முக்கியமோ இருட்டும் அவ்வளவு முக்கியம். பாரீஸில் ஜூலியன் டூர்னுவா என்ற இளைஞர் இரண்டு செடிகளை வைத்து ஆராய்ந்தார். ஒன்று ஜப்பானிய ஹாப்ஸ் கொடி, மற்றது நம் கஞ்சாச் செடியின் இனமான சணப்பு. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் விதைத்தவை வயசுக்கு வருமுன்பே, இத்தனூண்டு செடியாக இருக்கும்போதே பூத்துவிட்டன. பகல் குறைந்ததால் என்று முதலில் நினைத்தவர், இரவு நீண்டதுதான் காரணம் என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டது. போர்க்களம் போனவர் திரும்பவில்லை. 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் இருவரும் புகையிலையையும் சோயாவையும் வைத்து இதையே விரிவாக நிறுவினார்கள். பெயர் அவர்களுக்குப் போனது. பாடப்புத்தகத்திலும் அவர்கள்தான். எனக்கென்னவோ டூர்னுவாவுக்கு ஒரு வரியாவது மிச்சம் வைத்திருக்கலாம் என்று படுகிறது.

கே: பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் தங்கை மகன், 'புதிதாகத் தொடங்குவோருக்கு' என்று வீடியோ பார்த்து, அறைக்குள் கூடாரமும் எல்.இ.டி. விளக்கும் வைத்துக் கஞ்சா வளர்க்கலாமா என்று யோசிக்கிறான். ஒரே ஒரு செடிதானாம். இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது? ஒரு செடிக்கும் கேஸ் உண்டா?
– ஒரு வாசகர், ராபர்ட்சன்பேட்டை

ப: கேஸ் உண்டு. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அந்த வருடம் நவம்பர் 14 அன்று அமலுக்கு வந்தது. கஞ்சாச் செடியை வளர்ப்பதே அதில் 20-வது பிரிவின்படி குற்றம். பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வளர்ப்புக்கு 'இத்தனை செடி வரை பரவாயில்லை' என்ற கணக்கு கிடையாது. தொட்டியில் இருக்கிறதா வயலில் இருக்கிறதா என்றும் சட்டம் பார்ப்பதில்லை. 2023 ஜூனில் சிவமொக்காவில் மருத்துவ மாணவர்கள் சிலர் வாடகை வீட்டுக்குள் இப்படித்தான் விளக்கும் விசிறியும் வைத்து வளர்த்துக் கைதானார்கள். டாக்டருக்குப் படிக்க அனுப்பிய பெற்றோரை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் மருமகனை. அவன் பார்க்கும் வீடியோ எடுக்கப்பட்ட ஊரில் சட்டம் வேறாக இருக்கும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் வீட்டில் வளர்க்க அனுமதி. பெங்களூரு கனடாவில் இல்லை.

சரி, வீட்டுக்குள் வளர்ப்பது எங்கே தொடங்கியது? கஞ்சா வெயில் விரும்பும் செடி. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். அதை ஒரு அலமாரிக்குள் அடைக்க வேண்டிய தேவை செடிக்கு இல்லை, மனிதனுக்குத்தான் வந்தது. கலிபோர்னியா மலைகளில் ஒளித்து வளர்த்தவர்களை 1983 முதல் ஹெலிகாப்டரில் தேடிப் பிடுங்கினார்கள். வானத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கூரை தெரியும், கூரைக்குக் கீழே இருப்பது தெரியாது. செடி வீட்டுக்குள் போனது. தெருவிளக்குக்கென வந்த மஞ்சள் சோடியம் விளக்கு அதற்குக் கைகொடுத்தது. உடனே போலீஸ் விளக்குக் கடைகளைப் பின்தொடர்ந்தது: 1989-ல் அமெரிக்க மத்தியப் போதைத் தடுப்புத் துறை, கஞ்சாப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்த வளர்ப்புச் சாமான் கடைகளைக் குறிவைத்துச் சோதனை போட்டது. மறைந்து வளர்ப்பவர்கள் குறைந்த இடத்தில் நிறைய எடுக்கப் பார்த்தார்கள். வீரியமான ரகங்களாகப் பொறுக்கினார்கள். இன்று பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்து சென்னை, பெங்களூரு விமான நிலையங்களில் பிடிபடும் 'ஹைட்ரோபோனிக்' சரக்கு அந்த வம்சம். ஒழிக்க எடுத்த நடவடிக்கையே ஒரு தொழில்நுட்பத்தை வளர்த்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கம் இந்தக் கூத்தே தேவைப்பட்டதில்லை. 1893-94-ல் வெள்ளைக்கார அரசு அமைத்த இந்தியச் சணல்போதை ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மிதமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய கேடில்லை. தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. அப்போது சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று. தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய அதே வட ஆர்க்காடு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக் கிழவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். 1961-ல் வந்த சர்வதேச ஒப்பந்தம், மருந்தல்லாத உபயோகத்தை ஒழிக்க 25 வருடம் தந்தது. அந்தக் கெடுவுக்குள் வந்ததுதான் நம் 1985 சட்டம்.

கே: அப்படியானால் வடநாட்டில் ஹோலிக்கு பாங் விற்கிறார்களே?
– அதே ராபர்ட்சன்பேட்டை வாசகர்

ப: கெட்டிக்காரர். அந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனி. அந்த நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. பாங் இலையில் செய்வது. அதைக் கட்டுப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் வேலை. 2022-ல் ஒரு ஜாமீன் மனுவில் கர்நாடக உயர் நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தைச் சுட்டியது. ஆனால் இலைக்குக் கிடைத்த விலக்கு செடி வளர்ப்புக்குக் கிடைக்காது. மருமகனிடம் இந்த வரியை மறக்காமல் காட்டுங்கள்.

கே: கஞ்சா எந்த நாட்டுச் செடி?
– கல்லூரி மாணவி, மாரிக்குப்பம்

ப: கிழக்கு ஆசியாவில், சுமார் 12,000 வருடங்களுக்கு முன் பயிராக்கப்பட்டது என்று 2021-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர் ஐரோப்பியச் சணப்புக்கு. நம் ஊர்ச் செடி வேறு ஜாதி என்று 1785-ல் 'இண்டிகா' எனப் பிரித்தவர் லமார்க். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்கு இங்கிருந்து காய்ந்த செடியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு வேலை பார்த்த சொன்னரா.