இண்டிகேட்டர் விளக்கு பழுதானால்: மாற்றுவதா, விடுவதா, ஆளைக் கூப்பிடுவதா?

கீசரில் ஒரு சிவப்பு விளக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்விட்சுக்குள் ஓர் ஆரஞ்சு விளக்கு, டி.வி.யின் அடியில் ஒரு புள்ளி, ரூட்டரில் வரிசையாகப் பச்சை. இவற்றில் ஒன்று எரியாமல் போனால் பெரும்பாலான வீடுகளில் விலையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். சில ரூபாய் சமாச்சாரம், கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அல்லது சில ரூபாய்தானே, மாற்றிப்போடு என்பார்கள். இரண்டுமே தவறான இடத்தில் தொடங்கும் யோசனைகள். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒருவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செட்டாப் பாக்ஸின் விளக்கு செத்துப்போனால் படம் வருகிறதா என்று பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். கீசரின் விளக்கோ அயர்ன் பாக்ஸின் விளக்கோ அணைந்திருந்தால், கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் கை வைக்கிறார். ஒரே விலையுள்ள இந்த இரண்டு விளக்குகளுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இண்டிகேட்டர் விளக்கு தான் இணைக்கப்பட்டிருக்கும் இரண்டு முனைகளுக்கிடையே வோல்டேஜ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். சாதனம் வேலை செய்கிறது என்று சொல்லாது. கீசரில் ‘ஹீட்டிங்’ விளக்கு வழக்கமாகத் தெர்மோஸ்டாட்டுக்குப் பிறகு, எலிமென்ட்டுக்கு இணையாக இருக்கும். அதனால் எலிமென்ட் அறுந்துபோனாலும் விளக்கு ஜம்மென்று எரியும், தண்ணீர் மட்டும் சூடாகாது. விளக்கு எரியவில்லை, ஆனால் தண்ணீர் சூடாகிறது என்றால் விளக்குதான் போயிருக்கிறது. தண்ணீர் சூடானதும் விளக்கு அணைந்தால் அது பழுதே இல்லை, தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்திருக்கிறது. எவ்வளவு நேரமானாலும் விளக்கு அணையவே இல்லை, தண்ணீர் கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உடனே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை அது ஒன்றுதான். பழைய ஆட்டோமேட்டிக் அயர்ன் பாக்ஸ்கள் சிலவற்றில் அமைப்பு வேறு மாதிரி இருக்கும். சூடாக்கும் கம்பியின் ஒரு சிறு பகுதிக்குக் குறுக்கே, சில வோல்ட்டில் எரியும் குட்டி பல்பு ஒன்றை இணைத்திருப்பார்கள். கம்பி எங்கே அறுந்தாலும் பல்பு அணைந்துவிடும். அந்தச் சாதனத்தில் விளக்கு சொல்வதைக் கூடுதலாக நம்பலாம். அங்கே பல்பை எடுத்துவிட்டு நியான் விளக்கைப் போட்டால், கிடைத்துக்கொண்டிருந்த அந்தத் தகவலும் போய்விடும்.

மினுக்கும் விளக்கு விஷயத்தில் இன்னொரு குழப்பம் நடக்கிறது. டி.வி. ஆன் ஆகாமல் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் விளக்கில் கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் எங்கே சிக்கல் என்று சொல்கிறது. பல கம்பெனிகளின் டி.வி.க்களில் எத்தனை முறை மினுக்கி நிற்கிறது என்பதே பழுதின் குறியீடு. பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் அந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. இப்படிப்பட்ட பழுதில் அடிக்கடி மாட்டுவது பவர் போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அதன் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற எலக்ட்ரோலைட்டால் உலகம் முழுவதும் கணினி மதர்போர்டுகளில் இந்தக் கெப்பாசிட்டர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெப்பம் மிகுந்த இடத்தில் நல்ல கெப்பாசிட்டரும் நாளடைவில் அந்த நிலைக்கு வரும். போர்டையே மாற்றச் சொல்பவரைவிட, அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே வோல்ட்டோ சற்று அதிக வோல்ட்டோ தாங்கும் 105 டிகிரி கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கச் சம்மதிப்பவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஃபைபர் இணைப்புப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் வரும் ஒளி நின்றுவிட்டது என்று பொருள். கேபிள் எங்கேனும் மேஜைக் காலுக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். பெட்டியை மாற்றுவதால் பயன் இல்லை. இன்வெர்ட்டரின் ‘ஓவர்லோடு’, ‘லோ பேட்டரி’ விளக்குகளும் இந்த இனம்தான்.

சரி, சாதனம் நன்றாக இருக்கிறது, விளக்குதான் போய்விட்டது என்று உறுதியானால், பழையது போலவே ஒன்றைப் போடுவதா, எல்.இ.டி.க்கு மாறுவதா என்ற கேள்வி வரும். ஸ்விட்ச் போர்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பழைய ஸ்டெபிலைசர் இவற்றில் பெரும்பாலும் இருப்பது நியான். இரண்டு குட்டிக் கம்பிகள் நிற்கும் கண்ணாடிக் குமிழுக்குள் நியான் வாயு இருக்கும். ஏறக்குறைய 60 முதல் 90 வோல்ட்டில் அது ஒளிரத் தொடங்கும். மீதி வோல்டேஜை ஒரு ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். நியான் மெல்ல மெல்லத்தான் சாகும். கம்பியின் உலோகம் துகளாகி உள்சுவரில் படிந்து கண்ணாடி கறுக்கும். ஒளிர வேண்டிய வோல்டேஜ் உயரும். பிறகு துடிக்கத் தொடங்கும். துடிக்கும் பழைய நியான், அறையில் விளக்கைப் போட்டதும் சில நேரம் சமர்த்தாக எரிவதைப் பார்க்கலாம். வெளி ஒளி பட்டால் வாயு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதே காரணம். துடிப்பைப் பார்த்ததும் ‘கரண்ட் ஏறி இறங்குகிறது’ என்று ஸ்டெபிலைசர் வாங்க ஓடுவதற்கு முன் கண்ணாடியின் கறுப்பைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ஏ.சி.யில் இரண்டு கம்பிகளும் ஒளிரும். ஒரு கம்பி மட்டுமே ஒளிர்ந்தால் மின்பாதையில் ஒரு டயோடு இருக்கிறது. ஆகவே அதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை.

எல்.இ.டி. நீண்ட நாள் உழைக்கும், அதையே போட்டுவிடலாமே என்பார்கள். ஆயுள் விஷயத்தில் அது சரிதான். ஆனால் சிவப்பு எல்.இ.டி.க்கு வேண்டியது சுமார் 2 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சமோ 325 வோல்ட். எதிர்த்திசையில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று எல்.இ.டி.க்கு உத்தரவாதம் கிடையாது. குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு வேண்டும். 5 மில்லி ஆம்பியர் ஓடவிட 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அதில் மட்டும் 1 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். காற்றோட்டமில்லாத ஸ்விட்ச் டப்பாவுக்குள் அது பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கும். நியானுக்கு 220 கிலோ ஓம் போதும், வெப்பம் அதில் எட்டில் ஒரு பங்கு. இன்றைய பிரகாசமான எல்.இ.டி.யை 1 மில்லி ஆம்பியரில் ஓட்டினால் இந்தக் குறை தீரும், ஆனால் அதைக் கணக்குப் போட்டுப் பொருத்தத் தெரிந்தவர் வேண்டும். அதனால் 230 வோல்ட் நேராக வரும் இடத்தில் நியானுக்கு நியானே போடலாம், அல்லது 230 வோல்ட் என்று அச்சிட்டு முழுதாக அடைத்து விற்கும் இண்டிகேட்டர் வாங்கலாம். அடாப்டர் வழியே 5 வோல்ட், 12 வோல்ட் வரும் சாதனத்தில் எல்.இ.டி.யைத் தவிர வேறு யோசனை வேண்டாம். 5 வோல்ட்டில் 330 ஓம், 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே சிவப்பு எல்.இ.டி. சுமார் 10 மில்லி ஆம்பியரில் ஓடும். அழகுக்காக நீலத்துக்கு மாறினால் அது கேட்பது 3 வோல்ட்டுக்கு மேல், 3.3 வோல்ட் மட்டுமே உள்ள போர்டில் அது மங்கிக் கிடக்கும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரியும் விளக்கை நான் எரியாத விளக்கைவிடக் கவலையோடு பார்க்கிறேன். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், ஒன்று சாது, மற்றது ஆபத்து. ஒரே பைப்பில் நெடுந்தூரம் சேர்ந்து ஓடும் கம்பிகளில் பக்கத்துக் கம்பியின் வோல்டேஜ் லேசாகத் தொற்றும். மைக்ரோ ஆம்பியர் அளவே என்றாலும் நியானும் எல்.இ.டி.யும் அதில் மினுங்கும். மற்றொரு காரணம், வயரிங்கில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை ஸ்விட்ச் துண்டிப்பது. அப்போது சாதனம் ஓடாது, ஆனால் உள்ளே எல்லா இடத்திலும் 230 வோல்ட் உயிரோடு நிற்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதன் உள்தடை மிக அதிகம் என்பதால் தொற்று வோல்டேஜையும் அது எழுபது, எண்பது என்று காட்டும். எலக்ட்ரீஷியன் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸ், எர்த் இரண்டுக்கும் இடையே வைத்துப் பார்த்தால் தொற்று மறைந்துவிடும், உண்மை வோல்டேஜில் பல்பு எரியும். எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருந்தால் அது விழும், அதுவும் ஒரு சாட்சிதான். வீட்டுக்காரர் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஆனால் செய்யச் சொல்லிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மங்கலான ஒளியை மறைக்க விளக்கையே பிடுங்கிவிடுவதாகச் சொல்பவரை வேலையில் விடாதீர்கள்.

நாமே செய்யலாமா என்பதற்கு எல்லை எளிது: அடாப்டருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் தெரிந்தவர். ரூட்டர், ஸ்பீக்கர், செட்டாப் பாக்ஸ் இவற்றைக் கழற்றினால் முதலில் பார்க்க வேண்டியது எல்.இ.டி.யை அல்ல, அதன் ஒளியை முகப்புக்குக் கொண்டுவரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குச்சியை. அது நழுவியிருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. அடுத்தது ஈயப் பற்று. பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி.யின் காலைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல் இருக்கும். லென்ஸ் வைத்து சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஆயிரக்கணக்கான அழுத்தல்கள் செய்த வேலை அது, புது ஈயம் தொட்டால் விளக்கு எரியும். மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் சிவப்பு எல்.இ.டி. லேசாக ஒளிரும், நீலமும் வெள்ளையும் பல மீட்டர்களில் ஒளிராது, அதனால் அவற்றைச் செத்ததாக முடிவு கட்டிவிடக் கூடாது. மாட்டும்போது நீளக் கால் பிளஸ், விளிம்பு தட்டையாக உள்ள பக்கம் மைனஸ். கொசு மெஷின், மலிவான நைட் லாம்ப், பேட்டரியில் எரிவது போலத் தோன்றும் ரீசார்ஜ் டார்ச் ஆகியவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம். இவற்றில் பல, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டர் வழியே நேராக மெயின்ஸிலிருந்து ஓடுபவை. எல்.இ.டி.யின் காலைத் தொடுவதும் பிளக் பாயின்ட்டைத் தொடுவதும் ஒன்றுதான். டி.வி. பவர் போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

விளக்குள்ள ஸ்விட்சில் விளக்கு மட்டும் போனால் ஸ்விட்சையே மாற்றுவது வீண் செலவு என்று ஒரு மறுப்பு உண்டு. குப்பையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை இருக்கிறது. ஆனால் கீசர், இண்டக்‌ஷன், அயர்ன் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் விளக்கு போனதற்குக் காரணம் பல நேரம் வெப்பம். காண்டாக்ட் தேய்ந்து தீப்பொறி விட்டுச் சூடாகி, அந்தச் சூடு நியானின் ரெசிஸ்டரையும் தின்றிருக்கும். ஸ்விட்சின் பக்கவாட்டில் பழுப்பு நிறமோ கருகிய வாடையோ இருந்தால் விளக்கை மட்டும் மாற்றுவது நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து போடுவது. அங்கே 16 ஆம்பியர் ஸ்விட்ச் முழுதாகப் புதிதாக வரட்டும். படுக்கை விளக்கு மட்டும் ஓடும் பெட்டியில், பிளாஸ்டிக் சுத்தமாக இருந்தால், நியானை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியே விட்டுவிடுவதும் ஒரு முறையான தேர்வுதான். ரூட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் இவற்றில் எரியாத விளக்கோடு ஆண்டுக்கணக்கில் வாழலாம். மின்சாரம் மிச்சம் என்று நல்ல விளக்கை வெட்டிவிடுபவர்களும் உண்டு. 2 வோல்ட், 10 மில்லி ஆம்பியர் என்றால் 0.02 வாட், ஸ்டாண்ட்பையில் கரண்டை உண்பது அதன் பின்னால் விழித்திருக்கும் பவர் போர்டு, பிளக்கை அணைத்தால்தான் அது நிற்கும். படுக்கையறையில் கண்ணைக் குத்தும் நீல விளக்கு நியாயமான புகார். அதன் ரெசிஸ்டரை நாலைந்து மடங்கு பெரிதாக்கினால் ஒளி தணியும், தகவலும் மிஞ்சும். கழற்ற மனமில்லையென்றால் கறுப்பு டேப்பைச் சிறு துண்டாக வெட்டி விளக்கின் மேல் மட்டும் ஒட்டுங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கண் பெரும்பாலும் அதே கறுப்புச் சாளரத்துக்குள், விளக்கிலிருந்து விரலளவு தூரத்தில்தான் இருக்கும்.