இரண்டு வயதில் எதற்குப் பயணம்?

கேள்வி: எங்கள் தத்து மகளுக்கு இரண்டு வயது. அதே காப்பகத்தில் தத்தெடுத்த குடும்பங்கள் சென்னையில் கூடுகின்றன. “குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது?” என்கிறார் மாமியார். மதுரையிலிருந்து போகலாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மாமியார் சொல்வதும் பாதி உண்மைதான். இந்த வயதில் பார்த்த முகங்கள் நினைவில் தங்காது. ஆனால் பெரியவர்களுக்குள் இப்போது ஏற்படும் பழக்கம்தான், “என்னைப் பெற்றவர் யார்?” என்று அவள் கேட்கும் வயதில், அதே கேள்வியோடு வளரும் தோழர்களைக் கொடுக்கும். 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காணிப்பு, இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும். கடினமான கேள்விகள் அதன் பிறகே வரும். புது இடத்தில் குழந்தை மிரளுமே என்ற அச்சம் நியாயமானது. வீட்டுக்கு வந்து அதிக நாளாகாத பிள்ளைக்கு அது இன்னும் கூடுதல். அதனால் சோறு ஊட்டுவதையும் தூங்கவைப்பதையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள். ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை. ஆனாலும் இரவு ரயில் என்றால் தனி பெர்த் எடுத்து, அவள் வழக்கமாகப் போர்த்திக்கொள்ளும் துணியையே விரித்துப் படுக்க வையுங்கள்.