கூட்டாளியின் அமானிதம்

மனச்சோர்வு என்றதும் நாம் அழுகையைத்தான் நினைக்கிறோம். வளர்இளம் பிள்ளைகளிடம் அது பல நேரம் எரிச்சலாக வெளிப்படும். டியூஷன் விட்டு ஒன்றாக வந்தவன் தனியே நடப்பான். சின்னக் கேலிக்கும் சீறுவான். 'தலைக்கனம்' என்று கூட்டாளிகள் ஒதுங்குவார்கள். தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அவன் இன்னும் ஒடுங்கிப் போவான்.

2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினரில் சுமார் 7 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர்.

நமக்கு அதிகக் கவலை, விலகாமல் நிற்கும் அந்த ஒரு கூட்டாளியைப் பற்றித்தான். "செத்துப் போகலாம் போலிருக்கு, யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருத்தி சத்தியம் வாங்கிவிட்டால், பதினைந்து வயதுத் தோழி அதை எப்படிச் சுமப்பாள்? அமானிதம் பேணக் கற்றுக்கொடுத்த நாம்தான் இதையும் சொல்லவேண்டும்: உயிர் விஷயத்தை உம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்வது அமானித மோசடி ஆகாது.

ஈமான் குறைவு, கண்ணேறு என்று நாள் கடத்த வேண்டாம். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வாட்டம் இரண்டு வாரம் நீடித்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 'நட்புடன் உங்களோடு' என்ற அரசின் மனநலச் சேவை எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாப்பா வளைகுடாவில் இருந்தால் உம்மாவே அழைக்கலாம். அந்தத் தோழியும் அழைக்கலாம்.