மண்ணுக்குள் உறங்கும் கண்வலிக்கிழங்கு



நமது மாநில மலர் செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். காட்டோரத்திலும் வேலியிலும் படரும் இக்கொடியைச் சிலர் வீட்டுத் தொட்டியிலும் வளர்க்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் குப்பையில் கொட்டுபவர்கள் உண்டு. பிழைக்க வைக்கத் தினமும் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

கொடி பச்சையாக இருக்கும்போது பழைய கிழங்கு சுருங்கி, அதனிடத்தில் புதுக் கிழங்கு உருவாகிறது. கொடி காய்ந்தபின் அது அடுத்த மழைக்காலம் வரை உறங்கும். குளிர்நாடுகளில் உறைபனிக்குப் பயந்து தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைப்பார்கள். நம் ஒடுகத்தூரில் உறைபனி இல்லை. இங்கே கிழங்கைக் கெடுப்பவை தேங்கும் ஈரமும், கோடையில் கொதிக்கும் மொட்டை மாடியும்தான்.

செய்ய வேண்டியவை:

1. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். கொடி முழுதும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பச்சைக் கொடியை வெட்டாதீர்கள்.

2. காய் வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சிவந்த விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும்.

3. தொட்டியைக் கோடை மழை படாத நிழலில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெயரெழுதிக் குச்சி ஒன்றைச் செருகுங்கள்.

4. மே, ஜூனில் மண்ணை மாற்றலாம். கையுறை அணியுங்கள். கிழங்கின் முனையில்தான் முளை இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கையாக நட்டு, முளை தெரிந்தபின் தண்ணீரைக் கூட்டுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருத்துவர்கள் இதை மிகச் சிறிய அளவில் தருகிறார்கள். இதன் விதைக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் இதைப் பயிரிடுகிறார்கள். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே தோண்டிய கிழங்கைச் சமையலறைக் கூடையில் வைக்காதீர்கள். வேண்டாத கிழங்கை ஆடு மாடு மேயும் குப்பையில் எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். கிழங்கின் மீதித் துண்டையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீடு என்றால், இக்கொடியை வளர்க்காமல் இருப்பதே நல்லது. வளர்ப்பவர்கள் காய்ந்த தொட்டியைப் பொறுமையோடு காத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும்.