கண்ணாடியும் நெகிழியும் இணைந்தால்

மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் இன்று நாம் அணிபவற்றுள் பெரும்பாலானவை பெயரளவில்தான் கண்ணாடி. அவற்றின் வில்லைகள் நெகிழியால் ஆனவை. கண்ணாடி கடினமானது, ஆனால் கனமானது, விழுந்தால் உடையும். நெகிழி இலேசானது, ஆனால் எளிதில் கீறல் விழும். எனவே, நெகிழி வில்லைகளின்மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு காப்புப் பூச்சைப் பூசுகின்றனர். அப்பூச்சு பெரும்பாலும் கண்ணாடியும் நெகிழியும் மூலக்கூறு அளவில் பிணைந்த ஒரு கலப்புப் பொருளாகும்.

இவ்விரண்டையும் உருக்கிக் கலக்க முடியாதா? முடியாது. சாதாரணக் கண்ணாடியை உருக்கச் சுமார் 1500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கு வெகுமுன்பே நெகிழி கருகிவிடும். ஆகவே, நெருப்பில்லாமல் கண்ணாடி செய்ய வேண்டும். அதற்கான வழிதான் 'சோல்-ஜெல்' முறை. சிலிக்கன் சேர்மம் ஒன்றைச் சாராயத்தில் கரைத்து, நீரும் சிறிது அமிலமும் சேர்ப்பர். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைப்பின்னலாகி, கரைசல் மெல்லக் கூழாக இறுகும்.

சிக்கல் உலரும்போதுதான் தொடங்குகிறது. நீரும் சாராயமும் வெளியேற, கூழ் சுருங்கி, வறண்ட குளத்துச் சேறுபோல வெடித்துவிடும். தூய சிலிக்காப் பூச்சைத் தடிமனாகப் பூச முடியாததற்கு இதுவே காரணம்.

இதற்குத் தீர்வாக, இருமுனை மூலக்கூறுகளைப் பயன்படுத்தினர். ஒரு முனையில் உள்ள சிலிக்கன் கண்ணாடி வலையைப் பின்னுகிறது. மறுமுனையில் உள்ள கரிமத் தொகுதி நெகிழிச் சங்கிலியை உருவாக்குகிறது. சங்கிலி சற்று வளைந்துகொடுப்பதால் பூச்சு வெடிப்பதில்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரிலுள்ள பிரௌன்ஹோபர் ஆய்வுக்கழகம் இவ்வகைப் பொருள்களை 'ஓர்மோசெர்' என்னும் பெயரில் உருவாக்கியது.

இரு பொருள்கள் கலந்தும் அது எப்படித் தெளிவாக இருக்கிறது? பாலை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெண்மையாகத் தெரிகிறது. கலப்புப் பொருளிலோ, கண்ணாடிப் பகுதிகள் சில நானோமீட்டர் அளவே இருக்கும். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அவ்வளவு சிறிய துகள்களை ஒளி பெரிதாகப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கிறது. அமிலத்தின் அளவு பிசகினால் துகள்கள் திரண்டு, பூச்சு மங்கிவிடும். செய்பவரின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான்.

இப்பொருளைப் புற ஊதாக் கதிரால் இறுகச் செய்யலாம். வேண்டிய இடத்தில் மட்டும் கதிர்பட வைத்து, எஞ்சியதைக் கழுவிவிட்டால், தலைமுடியின் பருமனேயுள்ள நுண்வில்லைகளைக்கூட வார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் இப்பூச்சால் முழுமையாகத் தடுக்க இயலாது. மணலும் சிலிக்காதான், அதுவும் பூச்சைவிடக் கடினமான சிலிக்கா. சட்டை நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு துகள் போதும், வில்லையில் கோடு விழுந்துவிடும்.