வட்டமா, கட்டமா? திரையில் வரும் பொத்தான்களைத் தெரிந்துகொள்வோம்



வங்கி, இ-சேவை மையம், உதவித்தொகை, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று எங்கே போனாலும் இப்போது கம்ப்யூட்டர் திரையிலோ செல்போன் திரையிலோ ஒரு படிவம் வந்து நிற்கிறது. பெயர், முகவரி டைப் அடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அங்கே இருக்கும் சின்னச் சின்னப் பொத்தான்களைத் தொடுவது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் நமக்கே கண்ணில் படும். பொத்தான் மாறிப்போனால் அது லேசில் தெரியாது. ஆகவே இந்தப் பாடத்தில் பொத்தான்களைப் பற்றிப் பார்ப்போம்.

இரண்டே வகைதான்

படிவத்தில் வரும் பொத்தான்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வட்டம். இன்னொன்று கட்டம்.

வட்டம் என்றால் பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். "உங்கள் தாலுகா எது?" என்று கேட்டால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், சிவகிரி, திருவேங்கடம் என்று எட்டு வட்டம் வரும். நாம் ஒரு தாலுகாவில்தான் குடியிருக்க முடியும். அதனால் ஒன்றைத்தான் தொட முடியும்.

கட்டம் என்றால் பொருந்துவதை எல்லாம் டிக் செய்யலாம். "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பீடி சுற்றுதல், ஆடு வளர்ப்பு, தையல், குற்றாலம் சீசனில் பழக்கடை என்று கட்டங்கள் இருக்கும். நம்மில் பலர் பீடியும் சுற்றுகிறோம், ஆடும் வளர்க்கிறோம். இரண்டையும் டிக் செய்யலாம், ஒன்றும் தப்பில்லை.

வீட்டில் பழைய மேசை விசிறி இருந்தால் அதையே பாருங்கள். 1, 2, 3 என்று வேகத்துக்கு பட்டன் இருக்கும். 3-ஐ அமுக்கினால் 1 தானாக மேலே வந்துவிடும். இரண்டும் சேர்ந்து நிற்காது. பழைய கார் ரேடியோக்களிலும் நிலையம் மாற்ற இப்படித்தான் பட்டன் இருந்தது. அதை வைத்துத்தான் வட்டப் பொத்தானுக்கு கம்ப்யூட்டர்காரர்கள் "ரேடியோ பட்டன்" என்று பெயர் வைத்தார்கள். கட்டம், வீட்டுச் சுவரில் இருக்கும் லைட் சுவிட்ச் மாதிரி. ஒன்றைப் போட்டால் மற்றது அணையாது.

ஓட்டு இயந்திரம் நமக்குச் சொல்வது

நாம் எல்லோரும் ஏற்கெனவே பழகிய பொத்தான் குழு ஒன்று உண்டு. அதுதான் வாக்குப்பதிவு இயந்திரம். இந்தியாவில் முதன்முதலில் 1982-இல் பக்கத்து மாநிலமான கேரளாவில் பரவூர் தொகுதியில் இதைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதியிலும் வந்தது. ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான் வரை இருக்கும். 2013 முதல் "யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை" என்பதற்கும் ஒரு பொத்தான் உண்டு.

அதிகாரி தன் பக்கம் உள்ள பொத்தானை அமுக்கினால்தான் நமக்கு இயந்திரம் திறக்கும். நாம் ஒன்றை அமுக்கியதும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எதை அமுக்கினாலும் பதிவாகாது. நாம் அமுக்கிய சின்னம்தானா என்று ஒரு சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியாகத் தெரியும்.

2021 அக்டோபரில் நம் தென்காசி மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். அது காகிதச் சீட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு சீட்டு கொடுத்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு முத்திரை. அதாவது நான்கு குழு, குழுவுக்கு ஒரு தேர்வு. ஒரே சீட்டில் இரண்டு பேருக்கு முத்திரை குத்தினால் அந்த ஓட்டு செல்லாது. காகிதம் நம்மைத் தடுக்காது. இயந்திரம் தடுக்கும். இதுதான் பொத்தான்களைக் குழுவாகக் கட்டுவதால் வரும் நன்மை.

குழு எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டர் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

பத்து வட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் அது குழு ஆகிவிடாது. ஒரே தெருவில் இருபது பெண்கள் குடியிருந்தால் அது சுய உதவிக் குழு ஆகிவிடுமா? பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் அல்லவா? அதே மாதிரிதான் இதுவும். ஜாவா மொழியின் ஸ்விங் கருவித் தொகுப்பில் "பட்டன் குரூப்" என்று ஒரு பதிவேடு உண்டு. அது திரையில் தெரியாது. ஒவ்வொரு வட்டத்தையும் அதில் சேர்க்க வேண்டும். இணையப் படிவத்தில் எல்லா வட்டத்துக்கும் ஒரே குழுப் பெயரைக் கொடுக்க வேண்டும். சேர்க்க மறந்தால் இரண்டு வட்டமும் ஒருசேர எரியும். இரண்டு கேள்விக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டால், இரண்டாம் கேள்விக்குப் பதில் தொட்டதும் முதல் கேள்வியின் பதில் அழிந்துவிடும்.

இப்படி ஒரு படிவம் வந்தால் "எனக்குத்தான் தெரியவில்லை" என்று நாம் கூச்சப்பட வேண்டாம். படிவம் செய்தவர் கட்டியது சரியில்லை என்று அர்த்தம்.

தப்பாகத் தொட்டால்?

பயிற்சியில் அடிக்கடி வரும் கேள்வி இது.

"ஏம்மா, வட்டத்தத் தப்பாத் தொட்டுட்டேன். திரும்பத் தொட்டாலும் அழிய மாட்டேங்குதே?"

"அழியாதுக்கா. சரியானதத் தொடுங்க, தப்பானது தன்னால போயிரும்."

கட்டத்தை மறுபடி தொட்டால் டிக் போய்விடும். வட்டம் அப்படி இல்லை. ஒரு தடவை தொட்டால் வேறு ஒன்றுக்கு மாற்றலாமே தவிர, வெறுமையாக விட முடியாது. மொத்தத்தையும் அழிக்க வேண்டும் என்றால் அதற்கென்று தனிப் பொத்தான் இருந்தால்தான் முடியும். சில செல்போன் ஆப்களில் வட்டம், கட்டம் என்று வடிவம் தெளிவாகத் தெரியாது. அப்போது இரண்டாவது ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். முதலாவது அணைந்தால் அது வட்ட வகை. அணையாவிட்டால் கட்ட வகை.

முன்கூட்டியே விழுந்திருக்கும் டிக்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நாம் தொடுவதற்கு முன்பே சில படிவங்களில் டிக் விழுந்திருக்கும். சில நேரம் அவசரத்தில் உதவி செய்பவரே டிக் போட்டுவிடுவார்.

வங்கிக் கணக்கோடு சேர்ந்த இரண்டு காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடம் ரூ.20. ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு வருடம் ரூ.436. 2022 ஜூன் 1 முதல் இந்தத் தொகை. சம்மதக் கட்டத்தில் டிக் இருந்தால் வருடா வருடம் கணக்கிலிருந்து தானாக எடுப்பார்கள். முதலாவது விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். இரண்டாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம். திட்டம் நல்லதுதான். ஆனால் டிக் போட்டது நமக்கே தெரியாவிட்டால் "பணம் எங்கேயோ போகுது" என்று நினைப்போம். அதைவிடக் கொடுமை, நமக்கு ஏதாவது ஆனால் ரூ.2 லட்சம் கேட்டு வாங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். எதிர்ப்பக்கமும் உண்டு. "காப்பீடு இருக்குன்னு நெனச்சேன்" என்போம், கட்டம் காலியாக இருந்திருக்கும்.

முன்கூட்டியே போட்ட டிக், சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் ஒரு இணையதள வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைத் திரைத் தந்திரங்களைத் தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் கேட்காத பொருளையோ சேவையையோ பில்லில் சேர்ப்பதும் அதில் ஒன்று. இணையத்தில் வாங்கும்போது இப்படி நடந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

நினைவில் வைப்போம்

1. கடைசிப் பொத்தானை அமுக்கும் முன் "கொஞ்சம் மேலேயிருந்து காட்டுங்க" என்று கேட்போம்.
2. டிக் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது எதுக்கு, எவ்வளவு பணம்?" என்று கேட்போம்.
3. வட்டத்தில் நிறைந்திருப்பது நம் பதில்தானா என்று பார்ப்போம்.
4. ஒப்புகைச் சீட்டு வாங்கி வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்போம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய

ஒவ்வொரு உறுப்பினரும் வங்கிப் பாஸ்புக்கைக் கொண்டு வாருங்கள். ரூ.20, ரூ.436 பிடித்தம் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, நியமனதாரர் யார் என்பதையும் சேர்த்து குழு நோட்டில் எழுதுங்கள். பிடித்தம் இல்லாதவர்கள் சேர விரும்பினால், 18 முதல் 50 வயது வரை இரண்டிலும், 70 வயது வரை ரூ.20 திட்டத்திலும் சேரலாம். வங்கிக்குப் போகும்போது இரண்டு பேராகப் போய், கட்டத்தை நம் கண் முன்னால் டிக் செய்யச் சொல்லி வாங்கி வருவோம்.