வேகம் குறைந்த செயலி

ஒரு செயலியின் வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ் என்றால், அதன் கடிகாரம் நொடிக்கு 290 கோடி முறை துடிக்கும் என்பது பொருள். ஆயினும், பந்திங்கில் ஒரு மாணவர் பிற்பகல் நேரத்தில் மடிக்கணினியில் காணொளி தொகுக்கும்போது, திரையில் 1.2 கிகாஹெர்ட்ஸ் என்று தோன்றக்கூடும். உடனே, கணினி பழுதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும். ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைச் செலவழிக்கும் முன், அந்த எண் எப்போது குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேலை இல்லாத செயலி மின்சாரத்தைச் சேமிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது குறையன்று. எனவே, கணினிக்குக் கடினமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, விண்டோஸ் பணி மேலாளரில் வேகத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே வேகம் ஏறவில்லையா? மின்சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது வேறொரு கணினியின் மின்னூட்டியைச் செருகியிருக்கலாம். மின்னூட்டியின் வாட் அளவு போதாவிட்டால், சில மடிக்கணினிகள் செயலியைக் கட்டுப்படுத்திவிடும்.

முதலில் ஏறிய வேகம் சில நிமிடங்களில் சரிந்தால், பெரும்பாலும் வெப்பமே காரணம். பல மடிக்கணினிச் செயலிகள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, கெட்டுப்போகாமலிருக்க வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. 2018 ஜூலையில் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் புரோ மடிக்கணினிக்கும் இதுவே நேர்ந்தது. அதன் 2.9 கிகாஹெர்ட்ஸ் செயலி, அடிப்படை வேகத்திற்கும் கீழே இறங்கியதைக் காணொளிப் பதிவர் டேவ் லீ காட்டினார். பின்னர், கணினியை உறைபெட்டிக்குள் வைத்து அதே வேலையைச் செய்ய விட்டார். ஏறத்தாழ 40 நிமிடம் பிடித்த வேலை 27 நிமிடத்தில் முடிந்தது! வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்ட ஆப்பிள், அம்மாதம் 24ஆம் நாள் அதற்கான திருத்தத்தை வெளியிட்டது.

உறைபெட்டிச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. மொரிப் கடற்கரைக்கு அருகிலுள்ள பந்திங்கின் ஈரக்காற்று, குளிர்ந்த கணினியில் பட்டதும் நீர்த்துளிகளாகப் படியும்; மின்சுற்று பழுதாகிவிடும்.

வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் தூசிதான் குற்றவாளி. குளிரூட்டிய அறையில் வெப்பநிலை 23 பாகை என்றால், விசிறி மட்டும் சுழலும் அறையில் அது 33 பாகையாக இருக்கலாம். உள்ளே இழுக்கப்படும் காற்று பத்துப் பாகை கூடினால், செயலியும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சூடேறும். அதோடு, துளைகளைத் தூசி அடைத்துக்கொண்டால், அல்லது கணினியை மெத்தைமேல் வைத்தால், சூடான காற்று வெளியேற வழியே இராது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மென்மையான தூரிகையால் துளைகளைத் துடைக்கலாம். செயலியின்மேல் பூசப்பட்ட வெப்பப்பசை காய்ந்திருந்தால், அதை மாற்றும் வேலையைக் கணினிக் கடையில் விடுவதே நல்லது. பிறகு, அதே காணொளியை மீண்டும் தொகுத்து, வேகத்தையும் நேரத்தையும் முன்பு குறித்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.